சூடம் அணைக்கப் போற கை

ஏனுங் தம்பி, சித்த எந்திரிச்சு அக்கட்ட உக்காருங்களேன், நான் சன்னலோரம் போயிக்கறேன். காத்துக்காக இல்லீங்க. எனக்குக் கழுத்து எடது பக்கம் சுத்தமாத் திரும்பாது. வலது பக்கம் துளியூண்டு திரும்பும். நீங்க எடப்பக்கம் உக்காந்தீங்கன்னா முன்சீட்டுக்காரர் மண்டையப் பாத்துக்கிட்டேதான் உங்ககிட்டப் பேசோணும். ஆங், இப்புடி. நல்லாருங்க சாமி.

மடியில அதென்னங்க, ஸ்கேன் கவருங்களா? ஏறயிலயே பாத்தேன். பச்சக் கொழந்தையத் தூக்கிட்டு வர்றாப்பல நெஞ்சோட அணைச்சுட்டு வந்தீங்க. இடுப்புங்களா, கழுத்துங்களா? கழுத்தா! அட கெரகமே. ஆப்ரேசன்னு சொல்லிட்டாங்களா? இன்னைக்குப் போய்க் கேட்டாத்தான் தெரியுமா? சரியான ஆளுகிட்டத்தான் வந்து உக்காந்தீங்க போங்க.

இங்க பாருங்க, தொண்டைக்குக் கீழ. சுருக்கத்தோட சுருக்கமா ஒரு கோடு தெரியுதுங்களா? அதேதான். நோவு பின்கழுத்துல, அறுக்கறது முன்கழுத்துல. கேட்டா அதுதான் நல்ல வழிங்கறாங்க. எலும்புக்கு எலும்பு நடுவுல இருந்த சவ்வை எடுத்துப் போட்டுட்டு, அந்தத் தாவுல என்னமோ சொருகி, தகடு வெச்சு ஸ்க்ரூப் போட்டு முடுக்கியிருக்காங்க. ஓடு பிரிச்சுட்டு தகரம் போடறாங்கல்ல, அந்தாட்ட. இனி அந்த எலும்பு ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும், ஆட்டம் அசைவு இருக்காதுன்னாங்க. ஆட்டம் இல்லாமப் போனது கழுத்து மட்டுமா? என்ற பொழப்பே ஆட்டம் இல்லாமப் போச்சு.

என்ன கேட்டீங்க? வலி போச்சுங்களாவா? போச்சுங்க. அதுல பொய் சொல்லக் கூடாது. முன்னாடியெல்லாம் தோள்ல இருந்து விரல் வரைக்கும் கரண்டு கம்பியத் தொட்டாப்பல வெட்டும். மாட்டுக் கயித்தைப் புடிச்சா கண்ணுல தண்ணி வந்துரும். ஆப்ரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அந்த வலி இல்லீங்க. சுத்தமா இல்ல. டாக்டர் கையப் புடிச்சுக் கும்புட்டேன். நீங்கதான் சாமி தெய்வம்னேன். இப்ப நெனச்சா எனக்கே வயிறெரியுது.

ஏன்னு சொல்றேன் கேளுங்க. சோறு தொண்டையில நிக்குது. பழைய சோறா இருந்தாக் கரைச்சுக் குடிச்சுக்கறேன், தோசைன்னா சண்டை கட்டோணும். குரல் பாருங்க, சீக்காளிச் சேவலாட்ட. இது என்ற குரலே இல்லீங்க. சந்தையில இந்தக் கோடியில நின்னு கூப்புட்டா அந்தக் கோடியில மாடு திரும்பிப் பாக்கும், அப்பேர்ப்பட்ட குரல். அப்பறம் தண்ணி. நாங்க டம்ளரை வாயில வெச்சுக் குடிக்கற ஆளுகளா? அண்ணாந்து ஊத்துனாத்தான் தண்ணி குடிச்சாப்பல இருக்கும். இப்ப எப்புடி அண்ணாக்கறது? சொந்தபந்தம், ஒறம்பரை ஊட்டுக்குப் போனா எச்சப் பண்ணித்தான் குடிக்கோணும். அதுக்கு வெக்கப்பட்டுட்டு ஒரு ஊட்லயும் தண்ணி வாங்கறதில்ல. குனிஞ்சு என்ற காலை நானே பாக்க முடியறதில்லீங்க. செருப்பு மாத்திப் போட்டுட்டு வந்தாக்கூட நாலு பேரு சொல்லித்தான் தெரியும்.

தலைய ஆட்டறது இருக்குதே, அது இன்னொரு கூத்து. யாராச்சும் என்னங்க நாச்சிமுத்து சௌக்கியமான்னா, நாம என்ன பண்ணுவோம்? தலைய ஆட்டுவோம். எனக்குத்தான் ஆடாதே. அவிய என்ன நெனைக்கறாங்க, மனுசனுக்குத் திமிரு ஏறிப்போச்சுன்னு. ஒருத்தரு அதுக்கே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அவருக்குத் திருப்பறதுக்குக் கழுத்து இருக்குது, திருப்பறாரு.

கடைசியா இந்தக் கை. வலது கை. வலி போச்சு, மரமரப்புப் போகலை. மரமரப்புன்னா மரக்கட்டையாட்டக் கெடக்கும்னு நெனைக்கறீங்களா? அப்புடிக் கெடந்தாக்கூடத் தேவல. அது பாட்டுக்கு என்னமோ பண்ணும். எறும்பு ஊரும். மடியில வெச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன், யாரோ விரலைக் கொத்தாப் புடிச்சு அமுக்கறாப்பல இருக்கும். யாருடான்னு உடம்போட திரும்பிப் பாத்தா ஈ காக்கா இருக்காது. டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். நரம்பு ரொம்ப நாளா நசுங்கிக் கெடந்துதுங்க பெரியவரே, போகப் போகச் சரியாயிரும்னாரு. மறுபடியும் போனேன். போகப் போகன்னாரு. எங்கதாம்ப்பா போறது, அதைச் சொல்லுன்னேன். அப்பத்தான் வாயத் தொறக்கறாரு. வலிக்குத்தான் ஆப்ரேசன், மரமரப்பு வந்தா வரும், வராமலும் போகும், அன்னைக்கே சொன்னேனேங்கறாரு. அன்னைக்கு நான் வலியில உருண்டுட்டு இருந்தேன். அன்னைக்குச் சொன்னா அது சொன்னதாகுமா? மாட்டுக்குக் கெட்ட சுழி இருக்குதுன்னு, வித்துக் கயிறு மாத்துன பொறவு சொல்றாப்பல இருக்குது.

டிக்கெட்டா? கையிலதான் வெச்சிருக்கேன். இதோ... எங்க போச்சு? உங்க காலடியிலயா கெடக்குது? காத்துங்க தம்பி, இந்தச் சன்னல் காத்து. எடுத்துச் சட்டை மேல் சோப்புல, இந்தப் பாக்கெட்டுல, சொருகி உடுங்க. பாத்து, சூடம் இருக்குது அதுல, நொறுங்கிரப் போகுது.

சூடம் எதுக்கா? அதுக்குத்தான வர்றேன். டாக்டர் என்னைய ஏமாத்துனதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன், அவரு வெளியாளு. கூட இருந்து குழி பறிச்சான் பாருங்க ஒருத்தன், அதைத்தான் பொறுக்க முடியல. என்ற மச்சினன் மாரப்பன். எங்கூட்டுக்காரி பாவாயியோட கூடப்பொறந்த தம்பி.

நமக்கு மாட்டுத் தரகு. இப்ப நான் எறங்கப் போற ஓலப்பாளையத்துச் சந்தைதான் நமக்கு எல்லாமே. சந்தையில நாங்க விலைய வாயில பேச மாட்டோமுங்க. கைமேல துண்டைப் போட்டுக்குவோம். வாங்கறவரு துண்டுக்குள்ள கைய உட்டு நம்ம விரலைப் புடிப்பாரு. கொத்தாப் புடிச்சா ஒரு கணக்கு, ஒத்த விரலைப் புடிச்சா ஒரு கணக்கு, பாதி மடக்குனா ஒரு கணக்கு. சுத்தி எத்தனை பேரு நின்னாலும் உள்ள என்ன நடக்குதுன்னு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கைய எட்டிப் பாக்கக் கூடாது. கண்ணு அவரு மூஞ்சியில இருக்கோணும், காது மாட்டுக்காரர் பேச்சுல இருக்கோணும், புத்தி விரல்ல இருக்கோணும். விலை படிஞ்சா கயித்தை வாங்கி அவரு கையில குடுப்போம். கயிறு மாத்துனா முடிஞ்சுது, பொறவு பேச்சே கெடையாது. துண்டுக்குள்ள நடந்ததைப் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாது. அது எங்க சந்தையோட கட்டு.

அந்தக் கட்டை அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க. கண்ணாலம் ஆன புதுசுல, மச்சான் மச்சான்னு என்ற பின்னாலயே வருவான். மாட்டுப் பல்லைப் புடிச்சுப் பாக்கவே பயப்படுவான். அவனைத் தேத்திக் கொண்டாந்து, எனக்குச் சமமா நிறுத்தி, ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு ஊரே சொல்ற அளவுக்கு வெச்சிருந்தேன்.

ஆப்ரேசனுக்கு நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவன்தான் கூட இருந்தான். எனக்குக் கழுத்துப் பட்டையக் கழட்டி மாட்டறது, கஞ்சி ஊட்டறது, எல்லாம் அவன்தான். நான்கூட நெனச்சேன், ஆகா, தம்பின்னா இவன்தாண்டான்னு. இப்பத்தான் தெரியுது எதுக்குன்னு. ஆளு எந்திரிப்பானா மாட்டானான்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கான்!

பொறவு, நான் ஊட்ல கெடந்தப்ப சந்தைக்குப் போனவன் என்ன பண்ணுனான்? என்ற எடத்துல போய் நின்னான். வேப்பமரத்துக்குக் கீழ, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, அது என்ற எடம். ஏண்டா அங்க நின்னேன்னு கேட்டா, மச்சானைத் தேடி வர்றவிய ஏமாந்து திரும்பிப் போகக் கூடாதுன்னு நின்னேன்ங்கறான். வர்றவிய கிட்டயெல்லாம் மச்சானுக்கு ஒடம்பு தேறட்டும், அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்னு வேற சொல்லியிருக்கான். கேட்டுக்குங்க. அதுவரைக்குமாம். தரகுல என்ற பங்கை மட்டும் தவறாம கொண்டாந்து அவங்கக்கா கையில குடுத்துருவான். குடுக்காம பின்ன? வாயடைக்கோணுமே.

நான் எந்திரிச்சு மறுபடியும் சந்தைக்குப் போனேன் பாருங்க, அப்ப ஆரம்பிச்சுது. நான் துண்டு போட்டா வந்து பக்கத்துல நின்னுக்குவான். முன்னாடியெல்லாம் அவன் யாவாரம் ஒரு மூலையில, என்ற யாவாரம் ஒரு மூலையில நடக்கும். இப்ப நிழலாட்ட ஒட்டிக்கிட்டே இருப்பான். நான் விலை முடிச்சுக் கயித்தைத் தொடறதுக்கு முன்னாடி, வாங்கறவரைப் பாத்து, என்னங்கண்ணா, மனசுக்குத் திருப்திதானுங்களான்னு சிரிச்சுட்டே கேப்பான். அவரு ஆமாங்கண்ணுன்னு சொன்ன பொறவுதான் நகருவான். இவனுக்கு என்னங்க கேள்வி? வேவு பாக்கறான் தம்பி. என்ற ஆளுகளை மோப்பம் புடிக்கறான். கண்டும் காணாம உட்டேன். பாவாயி மூஞ்சிக்காக உட்டேன்.

டீயா? வாங்கலாங்க. இந்த ஸ்டாண்டுல பஸ்ஸு சித்த நேரம் நிக்கும். ஏப்பா, டீ ரெண்டு குடு. நான் குடுக்கறேன் தம்பி, நீங்க கவரைப் பாருங்க. இந்தாங்க. என்ன அப்புடி விரலை விரலை மாத்தறீங்க? சுடுதா? எனக்கு ஒண்ணும் தெரீலியே, கப்பை முழுசாத்தான் புடிச்சிருக்கேன். ஆறிப்போனதை என்ற தலையில கட்டிட்டான் பாருங்க, கலிகாலம்! ஆ... ஸ்ஸ்... நாக்கு! அட பாவி, வாயெல்லாம் வெந்துபோச்சே.

சரி, உட்ட நாயத்துக்கு வர்றேன். போன மாசத்துல ஒரு சந்தை. நோம்பி வருதுன்னு கூட்டம் தாங்கல. ஒரு தோட்டத்துக்காரரு மயிலைக் காளைச் சோடி கொண்டாந்திருந்தாரு. பாத்தீங்கன்னா கண்ணு பட்டுரும், அப்புடி ரெண்டு. பழனிப் பக்கத்து ஆளு ஒருத்தரு வாங்க வந்தாரு, நமக்கு முன்னப்பின்னத் தெரியாதவரு. நான் துண்டைப் போட்டுக் கைய நீட்டினேன். மாட்டுக்காரரு மாட்டோட பெருமைய அளந்துட்டு இருக்காரு, அந்தப் பக்கம் வண்டி ஹாரன் அடிக்கறான், ஒரே இரைச்சல். பழனிக்காரரு எனக்குப் பக்கவாட்டுல நின்னாரு. எனக்குத் திரும்ப முடியாதுல்ல, சரி, கை பேசுனாப் போதும்னு நின்னேன். விரலைப் புடிச்சாரு. நல்லாக் கொத்தாப் புடிச்சு அமுக்குனாரு. எனக்குத் தெரிஞ்சுதுங்க. அருமையான விலை. மாட்டுக்காரரு மனசுல நெனச்சதுக்கும் மேல. முடிஞ்சுதுன்னு சத்தம் போட்டு, கயித்தை வாங்கி அவரு கையில குடுத்துட்டேன்.

அவரு கயித்தை வெச்சுட்டு முழிக்கறாரு. நான் விலையே சொல்லலியேங்கறாரு.

எனக்கு எப்புடி இருந்திருக்கும்? சொன்ன விலையத் திரும்ப வாங்கறதுக்கு இப்புடி ஒரு வேசம் போடறானேன்னு கோவம் தலைக்கேறிப் போச்சு. பெரிய மனுசனாட்ட இருந்துட்டு நாக்கு மாத்தறியேய்யான்னு புடிச்சுக்கிட்டேன். அவரும் கத்தறாரு, கூட்டம் கூடிப் போச்சு. அப்ப மாரப்பன் உள்ள வந்தான். சரி, நம்ம ஆளு வந்துட்டான், நமக்காக ரெண்டு வார்த்தை பேசுவான்னு நிக்கறேன். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? அத்தனை பேரு முன்னாடி?

மச்சான், அவரு இன்னும் உங்க கையவே புடிக்கலீங்க மச்சான்.

இதான் சொன்னான். எப்புடி இருக்குது? புடிக்கவே இல்லையாம்! கை என்னுது, துண்டு என்னுது, உள்ள நடந்தது எனக்குத் தெரியாதா, வெளிய நிக்கற இவனுக்குத் தெரியுமா? சொல்லிட்டுச் சும்மா இருந்தானா? பழனிக்காரரு கையில இருந்த கயித்தை வாங்கி மாட்டுக்காரருகிட்டயே குடுத்தான். என்ற கைமேல கெடந்த துண்டை எடுத்தான். மடிச்சு என்ற தோள்ல போட்டான். தரகன் கைமேல இருக்கற துண்டை இன்னொருத்தன் எடுக்கறதுன்னா என்ன அர்த்தம் தெரியுங்களா? அதுக்குப் பதுலா என்ற கன்னத்துல நாலு அறை அறைஞ்சிருக்கலாம். கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சான். ஒருத்தன் உச்சுக் கொட்டுனான். சிரிச்சவனைக்கூட மன்னிச்சுருவேன், உச்சுக் கொட்டுனவனை மன்னிக்க மாட்டேன்.

பொறவு அவனே துண்டு போட்டு, அதே சோடிய, அதே பழனிக்காரருக்கு முடிச்சுக் குடுத்தான். இப்பச் சொல்லுங்க. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்காம இது நடக்குமா?

அவன்கிட்டக் கேட்டனே. ஏண்டா, சொல்றதா இருந்தா காதோட சொல்லியிருக்கலாமல்ல, எதுக்குடா ஊருக்குக் கேக்கறாப்பல சொன்னேன்னு. அதுக்கு ஒரு கதை சொல்றான் பாருங்க. நான் கயித்துக்குக் கைய நீட்டும்போதே பொறங்கையில கிள்ளுனானாம். நல்லா நகம் பதியற மாதிரிக் கிள்ளுனானாம். நான் கண்டுக்கவே இல்லையாம். வேற வழியில்லாமத்தான் வாயத் தொறந்தானாம். கிள்ளுனா எனக்குத் தெரியாதுங்களா? மனுசன் தோலுதான இது? பொய்யிலயும் ஒரு பொருத்தம் வேண்டாமா!

ஊட்டுக்கு வந்தா இவ. பாவாயி. கைக்குத் தைலம் தேய்ச்சு உடறவ, பொறங்கையப் பாத்துட்டு, இதென்னுங்க நகம் பட்டாப்பல செவந்து கெடக்குதுன்னா. கயிறு ஒரசியிருக்கும்னேன். கயிறு இப்புடியா ஒரசும்னு கேட்டுட்டு, கைய மடியில வெச்சுப் பாத்துட்டே இருந்தா. பொறவு சொல்றா, என்ற தம்பி பொய் சொல்ல மாட்டானுங்க. எத்தனை வருசம் என்ற கையில சோறு தின்னவ, தம்பின்னு வந்ததும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டா பாருங்க. எனக்கு அன்னைக்குத்தான் உசுரே உட்டுப் போச்சு. ஆப்ரேசன் பண்ணுனது கழுத்துலயா, இல்ல எனக்கும் இந்த உலகத்துக்கும் நடுவுலயான்னு தெரீல. அது ஆனதுல இருந்து ஒருத்தரும் என்ற பக்கம் இல்லீங்க.

அதுதான் தரகருக சங்கத்துல சொல்லிட்டேன். முடிஞ்ச யாவாரத்தைக் கலைச்சான், துண்டுக்குள்ள இருந்த கையப் பத்தி வெளிய பேசுனான். எங்க கட்டுப்படி அவன் சந்தைக்குள்ள கால் வெக்கக் கூடாது. தலைவரு யோசிச்சுப் பாத்துட்டு, ரெண்டு பேரும் நம்ம ஆளுக, யாரு பேச்சை எடுக்கறது, யாரு பேச்சைத் தள்றது, கோயில்ல வெச்சுப் பாத்துக்கலாம்னுட்டாரு. பழனிக்காரரு என்ற விரலைப் புடிச்சது சத்தியம்னு நான் மாரியம்மன் முன்னாடி உள்ளங்கையில சூடத்தை ஏத்தி, கைய மூடி அணைக்கோணும். அணைச்சுட்டா என்ற பேச்சுதான் பேச்சு. இன்னைக்குத்தான் அது. சந்தை கூடறதுக்கு முன்னாடி.

மாரப்பன் என்ன சொன்னான் தெரியுங்களா? மச்சான் அணைச்சாருன்னா நான் ஒரு வார்த்தை பேசாம போயிக்கறேன்னு சொல்லிட்டானாம். போடா, போ. எங்க போவியோ போ. அவனுக்கு வேற பொழப்புத் தெரியாது, ரெண்டு பொம்பளப் புள்ளைகளை வெச்சிருக்கான், அது எனக்குந்தான் தெரியும். அதை அவனல்ல நெனச்சுப் பாத்திருக்கோணும்?

எனக்குப் பயமே இல்லீங்க தம்பி. சூடம் அணைக்கறப்ப பெரிய பெரிய ஆளுகெல்லாம் வெடுக்குன்னு கைய இழுத்துக்குவாங்க. அங்கயே தெரிஞ்சுபோகும் பொய்யின்னு. நான் ஊட்ல பழகிப் பாத்துட்டேன். நிதானமா, பூவை மூடறாப்பல, அப்புடியே மூடிக்கறேன். கை நடுங்கறது கூட இல்ல. மனசுல சத்தியம் இருந்தா நெருப்புக்கூடச் சுடாதுங்க.

இன்னைக்குக் காத்தால பாவாயிதான் சட்டைக்குப் பட்டன் போட்டு உட்டா. கடைசிப் பட்டன் போடும்போது சோப்புல இருந்த சூடத்தைத் தொட்டுப் பாத்தா. எடுக்கல. அப்புடியே உள்ள போயிட்டா. போகட்டும்.

என்னங்க என்ற கையவே பாக்கறீங்க? நம்பிக்கை வரலியா? நீங்களும் மாரப்பன் கட்சிதானா? மரமரப்புன்னு நான் சொன்னதை வெச்சு, கெழவனுக்குக் கை தெரியாதுன்னு நெனச்சுட்டீங்க, அதான? அட, மரமரப்பு வேற, யாவாரம் வேறங்க. யாவாரம்னு வந்துட்டா இந்தக் கை தானா முழிச்சுக்கும்.

இருங்க, இப்பவே காட்டறேன். இந்தா, துண்டைப் போட்டுக்கிட்டேன். கைய நீட்டிட்டேன். நான் நேராத்தான் பாத்துட்டு இருக்கேன், எப்புடியும் குனியவும் முடியாது. உள்ள கைய உட்டு எத்தனை விரல் வேணும்னாலும் புடிங்க. வாயில சொல்லக் கூடாது. சந்தையில நிக்கறாப்பலயே நெனச்சுக்குங்க. கூச்சப்படாதீங்க, நல்லா அமுக்கிப் புடிங்க. ம்... ம்... அட, நல்லாத்தான் புடிக்கறீங்க! எங்க தொழிலுக்கே வந்திருக்கலாம். நடுவிரலு, மோதிர விரலு, சுண்டு விரலு. மூணு. சொல்லுங்க, மூணுதான?

என்னங்க?

என்ன சொன்னீங்க?

கவரை நகத்தி வெச்சுட்டு இருந்தீங்களா... இன்னும் புடிக்கவே இல்லீங்களா?

வெளையாடாதீங்க தம்பி. வயசானவன்கிட்ட வெளையாடக் கூடாது. இருங்க, நான் உடம்போட திரும்பறேன். உங்க கையப் பாக்கோணும்.

ரெண்டு கையும் கவரு மேலதான் இருக்குது.

இப்பக்கூட அமுக்கறாப்பலத்தாங்க இருக்குது. இந்தா, இப்பவும். உங்க கை அங்க இருக்குது, எனக்கு இங்க யாரோ மூணு விரலையும் சேத்துப் புடிச்சுட்டு உட மாட்டேங்கறாங்க.

பழனிக்காரரு மாரப்பனுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம். பேசி வெச்சிருக்கலாம். உங்களுக்கு மாரப்பனைத் தெரியாதே. தெரியாதுங்களே? சத்தியமாத் தெரியாதா? நீங்க எந்த ஊரோ, ஸ்கேன் கவரைத் தூக்கிட்டு உங்க நோவோட போறீங்க. உங்களுக்கு என்ற மேல என்ன வருத்தம்?

ஒண்ணும் இல்லீங்க. தண்ணியெல்லாம் வேண்டாம். சித்த பேசாம இருங்க.

அப்ப கிள்ளியிருக்கான். நகம் பதியறாப்பல கிள்ளியிருக்கான். அவ பாத்தாளே. கைய மடியில வெச்சுட்டுப் பாத்துட்டே இருந்தாளே. அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குது. அவனுக்கு அதுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்குது. மனசுக்குத் திருப்திதானுங்களான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டானே, பாவி, எனக்காகக் கேட்டிருக்கான். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல. நான் சொல்ல உடலியோ என்னமோ. பொறந்ததுல இருந்து கூட இருந்த கைங்க இது. பொண்டாட்டியச் சந்தேகப்பட்டேன், மச்சினனைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைச் சந்தேகப்பட்டேன். இதை நான் ஒரு நாளும் சந்தேகப்படல தம்பி. இது என்னைய இப்புடிப் பண்ணலாமா?

சூடம் எனக்குச் சுடாதுங்க. அந்த டீ உங்களுக்குச் சுட்டுதல்ல, எனக்குச் சுடவே இல்ல. இந்தக் கையில அணைச்சா அம்மன் ஏத்துக்குவாளா? அத்தனை பேரும் பாத்துட்டு, நாச்சிமுத்து கைய இழுக்கவே இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. அவன் ஒரு வார்த்தை பேசாம ஊரை உட்டுப் போயிருப்பான், சொன்னாச் சொன்னபடி செய்யறவன்.

ஓலப்பாளையம்ங்கறாரு கண்டக்டரு. வந்துட்டுதுங்களா? பொறுங்க சாமி, பொறுங்க, வயசாளி எறங்கறேன். தம்பி, என்ற சோப்புல இருக்கற சூடத்தை எடுத்துக்குங்க. எடுத்துட்டீங்களா? போற வழியில எதாச்சும் கோயில் வந்தா உங்களுக்காகப் பத்த வெச்சுட்டுப் போங்க. கையில வேண்டாம், தட்டுல. ஆப்ரேசன் பண்ணலாமா வேண்டாமான்னு என்னையக் கேக்காதீங்க, எனக்குத் தெரீல. டாக்டர்கிட்ட வலியப் பத்தி மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க, கையப் பத்தியும் கேளுங்க. இந்தத் துண்டை மடிச்சு என்ற பையில வெச்சு உடுங்க. தோள்ல வேண்டாம், பைக்குள்ளயே வெய்ங்க.

கூடவே சித்த வாசல் வரைக்கும் வாங்க. கீழ யாராச்சும் நிக்கறாங்களா பாருங்க, படிக்கு நேரா. கட்டையா, காதுல பீடி சொருகிட்டு. ஒவ்வொரு சந்தைக்கும் மாரப்பன் வந்து நிப்பான், எனக்குப் படி தெரியாதுன்னு. போன வாரமும் நின்னான். கைய உதறிட்டுக் கண்டக்டரைப் புடிச்சுட்டு எறங்குனேன். இன்னைக்கு வந்திருக்க மாட்டான். இன்னைக்கு எப்புடி வருவான்?

நிக்கறானா?

கைய நீட்டிட்டா நிக்கறான்? வெக்கங்கெட்ட பய. நான் இவன் பொழப்பைக் கெடுக்க வர்றேன், இவன் எனக்குக் கை குடுக்க வந்து நிக்கறான்.

தம்பி, ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் இந்தக் கைய நீட்டறேன். அவன் புடிச்சதும் புடிச்சுட்டான்னு எனக்கு வாயில சொல்லுங்க. இல்லைன்னா நான் பாட்டுக்குப் புடிச்சுட்டான்னு நெனச்சுக் கால எடுத்து வெச்சுருவேன்.